எல்லா ஆடுகளும் ஒரே சாரத்தைத் தின்றன

1

நோர்வேயில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். "ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படப் புத்தகங்கள் அனுப்பின அனுபவத்தை எழுதுங்கோ அக்கா. ஊரிலயும் வாசிப்பினம், நாலு பேருக்கு உற்சாகமாய் இருக்கும்" என்றார் செயலாளர். எழுதுகிறேன். உற்சாகமாக இருக்காது. போடுவதென்றால் முழுதாகப் போடுங்கள். வெட்டுவதென்றால் போடாமலே விடுங்கள்.

எனக்கு நோர்வேஜிய மொழி பேச வரும். கடையில் சண்டை பிடிக்குமளவுக்கு வரும். வரி கட்டும் கந்தோருக்குப் போன் எடுத்து, காத்து நின்று, என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவர்கள் பிழையாக எழுதியதைத் திருத்துமளவுக்கும் வரும். ஆனால் ஒரு புத்தகத்தை விரித்துச் சத்தமாக வாசிக்க வராது. அந்த மொழி பாட்டு மாதிரி ஏறி இறங்க வேண்டும். என் வாயில் அது நெல் மூட்டை இறக்குகிற சத்தத்தோடுதான் வரும்.

பல வருடங்கள் கந்தோர்களில் தரை துடைத்த பிறகு ஒரு சிறுவர் பூங்காவில், பாலர் பள்ளி மாதிரியான இடத்தில், உதவியாளர் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் போவதற்கு முந்திய வயதுப் பிள்ளைகள். நிர்வாகி மாரிட் நல்ல மனுசி. வந்த கொஞ்ச நாளிலேயே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசிக்கும் வேலையை என்னிடம் தந்தார். முதல் நாளே எமில் என்ற பெடியன் எழும்பி நின்று, "நீ பிழையாக வாசிக்கிறாய்" என்றான். அடுத்த வரியிலும் சொன்னான். அதற்கடுத்த வரியிலும் சொன்னான். நாலு வயது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டதும் நான்தான்.

மறுநாள் புத்தகத் தட்டில் எழுத்தே இல்லாத ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஒரு ஆடு ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ஒவ்வொரு அறையாகப் போய்க் கண்டதையெல்லாம் தின்னும். தொப்பி, திரைச்சீலை, தபால், காலில் போடும் சப்பாத்து. வெறும் படங்கள். எழுத்து இல்லாவிட்டால் எந்தப் பெடியன் என்னைத் திருத்துவான்? படத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். திரைச்சீலைக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் கேட்டேன். பிள்ளைகள் கத்தினார்கள். பக்கத்தைத் திருப்புவதற்கு முன் நிறுத்தி, "இனி என்ன செய்யும்?" என்றேன். நான் அடுத்த வசனத்தை மனதுக்குள் கூட்டுவதற்கு நேரம் வேண்டியிருந்தது. அதற்குள் அவர்களே நாலு கதை சொல்லிவிட்டார்கள். எல்லோரையும்விட எமில்தான் கூடக் கத்தினான்.

மாரிட் கதவடியில் நின்று பார்த்திருக்கிறார். அடுத்த பணியாளர் கூட்டத்தில், "மனோ பிள்ளைகளைப் பேச விடுகிறார். தான் பேசாமல் காத்திருக்கிறார். இதை எல்லோரும் பழக வேண்டும்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். எனக்கு வாசிக்க வராது என்று சொல்லவில்லை.

பிறகு அது உண்மையாகவே என் முறையாகிவிட்டது. கைவிரித்துப் படத்தின் பாதியை மறைத்து, மறைந்திருப்பது என்ன என்று கேட்பேன். மட்டையில் ஆட்டுக் காது வெட்டித் தலையில் கட்டி, பிள்ளைகளை ஆடாக நடக்க விடுவேன். பக்கங்களைப் பிரதி எடுத்துக் கயிற்றில் கிளிப் போட்டுக் கலைத்துத் தொங்கவிட்டால், அவர்களே சண்டை பிடித்து ஒழுங்குபடுத்துவார்கள். கடைசியில், "உங்கள் வீட்டுக்கு இந்த ஆடு வந்தால் எதைத் தின்னும்? படம் கீறுங்கள்" என்பேன். பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பினார்கள், சான்றிதழும் தந்தார்கள். மெல்ல மெல்ல, இதில் எனக்குத்தான் தெரியும் என்ற எண்ணமும் வந்துவிட்டது.

2

ஊரில், கிளிநொச்சிக்குக் கிட்ட, முரசுமோட்டைப் பக்கத்தில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். பெயர் எழுத மாட்டேன். நான் படித்ததும் அதில்தான். அங்கே இரண்டாம் வகுப்புக்குப் படிப்பிக்கிறவள் வாசுகி. எனக்குச் சொந்தமில்லை. ஆனால் வயதில் சின்னவள் என்பதால் முதல் நாளிலிருந்தே எனக்கு அவள் "நீர்", அவளுக்கு நான் "அக்கா". அவள் தொண்டர் ஆசிரியை. அரசாங்க நியமனம் இல்லை. வருடக்கணக்காக நேர்முகத் தேர்வுக்குப் போய் வருகிறாள். அதிபர் கொடுக்கும் கடிதத்தை வைத்துத்தான் அடுத்த நேர்முகத்துக்கே போக முடியும். மாதாமாதம் அவளுக்குக் கிடைக்கும் சிறு உதவித்தொகை எங்கள் சங்கம் அனுப்புவது. இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அவளுடைய வகுப்பு யாருடைய வாய்ச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது என்று வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே தெரிய வேண்டும்.

நூலகமும் சிறுவர் பூங்காக்களும் கழித்துவிடும் படப் புத்தகங்களைச் சேர்த்தேன். ஆட்டுப் புத்தகத்தை மட்டும் பிள்ளைக்கொன்றாகக் கொடுக்கப் புதிதாக வாங்கினோம். எழுத்துள்ள புத்தகங்களில் தமிழை அச்சடித்து ஒட்டினோம். பெட்டிகள் கொழும்புச் சுங்கத்தில் போய் மறிபட்டன. எடுக்கப் போனவன் என் மச்சான் ரூபன். அவன் போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மச்சாள், உங்கட ஆட்டுப் புத்தகத்தாலதான் கரைச்சல். படிவத்தில எந்த மொழிப் புத்தகமெண்டு எழுதோணுமாம். நான் மொழி இல்லையெண்டனான். மொழி இல்லாத புத்தகம் இருக்கேலாது எண்டு அந்தாள் நிக்குது. ஒவ்வொரு பக்கமாய்த் திருப்பித் திருப்பிப் பாக்குது. பிறகு பக்கத்து மேசைக்காரரும் வந்து பாத்தினம். சப்பாத்தைத் தின்னுற இடத்தில எல்லாரும் சிரிச்சினம். ஆனால் கையெழுத்து மட்டும் போடயில்லை."

"பிறகு?"

"நாளைக்கு வரட்டாம்."

அவன் நாளைக்கும் போனான், அதற்கு மறுநாளும் போனான். கடைசியில் ஆங்கிலம் என்று எழுதி எடுத்து வந்தான். அந்த மேசையில் நின்ற ஆட்கள் புத்தகத்தைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. புரட்டினார்கள், கூப்பிட்டுக் காட்டினார்கள், சிரித்தார்கள். நான் போய்ப் பார்த்தபோது எங்கள் பள்ளிக்கூடத்தில் அதுவும் நடக்கவில்லை.

3

வகுப்பில் என்னென்ன செய்ய வேண்டும் என்று வாசுகிக்கு வட்ஸ்அப்பில் குரல்பதிவுகள் அனுப்பினேன். மட்டை இல்லாவிட்டால் சீமெந்துப் பை வெட்டு, தாள் இல்லாவிட்டால் பழைய கலண்டரின் பின்பக்கம் எடு, கயிறு கட்டு, கிளிப் போடு. அவள் எல்லாவற்றுக்கும் "ஓம் அக்கா" என்று பதில் போட்டாள். ஒவ்வொரு குரல்பதிவின் முடிவிலும் நான் சொன்னது ஒன்றுதான்: "படம் அனுப்பும். சங்கத்தில காட்டோணும்."

ஒருநாள் வீடியோவில் வகுப்பைக் காட்டினாள். அதிபரும் பக்கத்தில் நின்றார். தங்கள் வீட்டில் ஆடு எதைத் தின்னும் என்று பிள்ளைகள் கீறியிருந்தார்கள். போனுக்கு முன்னால் ஒவ்வொருவராக வந்து காட்டினார்கள். தொடர்பு விட்டுவிட்டு வந்தது. பாதிப் படங்கள் எனக்குத் தெரியவே இல்லை. வேலைக்கு வெளிக்கிடும் அவசரம் வேறு. "ம், நல்லம், நல்லம், அடுத்த ஆள்" என்றுகொண்டிருந்தேன். அப்போது தனுசியா என்ற பிள்ளை வந்தாள். அவளின் தகப்பன் அரிசி ஆலையில் வேலை செய்கிறார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். கொடியில் காயும், இடுப்பில் கட்டும் நீலக் கோட்டுச் சாரத்தை ஆடு இழுத்துத் தின்ன, குளித்துவிட்டு நிற்கும் தகப்பன் வாளியால் உடம்பை மறைத்துக்கொண்டு கத்துவதுபோலக் கீறியிருந்தாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "இதுதான் படம்! இதுதான் எனக்கு வேணும்! இதுமாதிரிக் கீறோணும்!" என்றேன். சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்தப் படத்தை சங்கத்தின் முகநூல் பக்கத்தில் போட்டோம். எல்லோரும் சிரித்தார்கள். இன்னும் அனுப்பச் சொன்னார்கள்.

4

போன வருட ஆடி மாதம் ஊருக்குப் போனேன். பதினாறு வயது மகள் அபிராவும் வந்தாள். பள்ளிக்கூட வாசலில் மாலை, விளக்கு, மெத்தை வைத்த கதிரை, வாழைப்பழம், கிறீம் பிஸ்கட். அதிபர் பேசும்போது என்னைக் கல்விக்குக் கிடைத்த வரம் என்றார். நான் குனிந்துகொண்டு கேட்டேன். குனிந்தது அடக்கத்தால் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, அதை மறைக்கத்தான் குனிந்தேன்.

பிறகு இரண்டாம் வகுப்பு. பிள்ளைகள் கைகட்டி நின்றார்கள். முன்னால் மேசையில் ஆளுக்கொரு ஆட்டுப் புத்தகம், பொலித்தீன் உறை கழற்றாமல். உறையின் மேல் எங்கள் சங்கத்தின் பெயர் ஒட்டியிருந்தது. வாசுகி கையைத் தூக்கினாள். பிள்ளைகள் ஒரே குரலில் தொடங்கினார்கள்.

"முதலாம் பக்கம். ஆடு வாசலில் நிற்கிறது. இரண்டாம் பக்கம். ஆடு தொப்பியைத் தின்கிறது. மூன்றாம் பக்கம். ஆடு திரைச்சீலையைத் தின்கிறது."

எழுத்தே இல்லாத புத்தகத்துக்கு வசனம் எழுதி, பாடமாக்கி, ஒப்புவித்தார்கள். ஒரு பிள்ளைகூடப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. நான் இடையில் மறித்து, "பிள்ளையள், இனி ஆடு என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"நாலாம் பக்கம்!" என்றார்கள்.

சுவரைப் பார்த்தேன். கலண்டர்த் தாள்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஆடு. எல்லா ஆடுகளும் இடப்பக்கம் பார்த்தன. எல்லாம் நீலக் கோட்டுச் சாரத்தைத் தின்றன. எல்லா வீட்டிலும் ஒரு தகப்பன் வாளியோடு நின்றார். அந்த வகுப்பில் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் நின்றார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. நான் அப்படியான ஆள்தான், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அங்கே, நோர்வேயில், நான் அந்த ஆத்திரத்தை ஒருநாளும் காட்டியதில்லை. இங்கே காட்டலாம் என்று எனக்கு எப்படித் தெரிந்தது?

"இதுக்கோ நான் பெட்டி பெட்டியாய் அனுப்பினனான்? எழுத்தில்லாத புத்தகத்தைப் பாடமாக்கப் பண்ணியிருக்கிறீர். ஒரு பிள்ளை கீறினதை எல்லாருக்கும் கொப்பி அடிக்கக் குடுத்திருக்கிறீர். உமக்கு இவ்வளவு சொல்லித் தந்தும் மண்டையில ஏறயில்லையோ? தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லும், வேற ஆளைப் பாப்பம்" என்று வாசுகியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். பிள்ளைகளுக்கு முன்னால். அதிபருக்கு முன்னால். மகள் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது.

வாசுகியின் கையில் கரும்பலகை துடைக்கும் துணி இருந்தது. அதை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள்.

தனுசியாதான் பேசினாள். "அன்ரி, நீங்கதானே இது நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"உஷ்!" என்றார் அதிபர்.

"அதுக்காக எல்லாரும் ஒண்டையே கீறுறதோ?" என்றேன் நான், ஒரு ஏழு வயதுப் பிள்ளையோடு போட்டிக்கு நின்று.

"வேற கீறினா நீங்க சிரிக்க மாட்டீங்களே."

பின்வரிசையில் இரண்டு பெடியங்கள் கிளுக்கென்று சிரித்தார்கள். அதிபர் திரும்பினார். சிரிப்பு நின்றது.

வாசலுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வரும்போது அதிபர், "மடம், மனசில வைக்காதேங்கோ. இதுக்கு நான் நடவடிக்கை எடுக்கிறன்" என்றார்.

"எடுங்கோ" என்றேன்.

5

கிளிநொச்சியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தோம். அன்று பின்னேரம் அபிரா கட்டிலில் படுத்து, காலில் நுளம்பு கடித்த இடங்களைச் சொறிந்துகொண்டு, பிடித்த வீடியோவைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் விளங்கும். பேசத் தொடங்கினால் மூன்றாவது சொல்லில் நோர்வேஜியன் வந்துவிடும். ஊர் அவளுக்கு வெயிலும் நுளம்பும் இணையம் இல்லாத இடமும்தான். அதற்காக நான் அவளோடு எத்தனையோ முறை கோபப்பட்டிருக்கிறேன்.

"அம்மா, இதை சங்கத்துக்கு அனுப்பவா?" என்றாள்.

"எதை?"

"நீங்கள் கத்துறது."

"அதை வெட்டிப்போட்டு மிச்சத்தை அனுப்பு."

அவள் போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தாள். பிறகு நோர்வேஜிய மொழியில் கேட்டாள். அவள் வாயில் அது ஏறி இறங்கி வரும். "மாரிட் உங்களைப் பார்த்து இப்படிக் கத்துவாவா? பிள்ளைகளுக்கு முன்னால?"

"இல்லை."

"ஏன்?"

"அங்க அப்பிடி ஒருத்தரும் செய்யேலாது."

"ஓ. இங்கே செய்யலாம்."

அவள் நக்கலாகச் சொல்லவில்லை. இந்த நாட்டுப் பழக்கங்களில் ஒன்றைப் புதிதாகத் தெரிந்துகொண்டதுபோலச் சொன்னாள். கோயில் வாசலில் செருப்புக் கழற்ற வேண்டும், கையால் சாப்பிட வேண்டும், ரீச்சரைப் பிள்ளைகளுக்கு முன்னால் ஏசலாம். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தமிழும் பண்பாடும் தெரிய வேண்டும் என்றுதான் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். தெரிந்துகொண்டாள்.

6

சில நாள் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே அறையில் நெருங்கி இருந்து கூட்டல் கணக்குச் செய்துகொண்டிருந்தன. வேறொரு ரீச்சர் நின்றார். படப் புத்தகங்கள் அதிபரின் அறையில், கண்ணாடி அலுமாரிக்குள், பூட்டோடு.

"வாசுகி எங்க?" என்றேன்.

"இனி வர வேண்டாமெண்டு மறிச்சுப் போட்டன் மடம்."

"ஆர் மறிக்கச் சொன்னது?"

அதிபர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான குழப்பம் இருந்தது. "நீங்கள்தானே. எடுங்கோ எண்டு சொன்னனீங்கள். வேற ஆளைப் பாப்பம் எண்டும் சொன்னனீங்கள். உங்கட சங்கத்துக்கும் அறிவிச்சுப் போட்டன்."

கெட்ட மனிசன் என்று அவரை எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். அவர் கெட்டவர் இல்லை. தளபாடமும் தண்ணீர்த் தாங்கியும் இன்னும் ஒரு ரீச்சரும் வேண்டும் என்று வருடக்கணக்காகக் கடிதம் எழுதிக் களைத்த மனிதர். தருகிறவர்களின் முகத்தைப் பார்த்து நடக்க எங்களைப் போன்றவர்களே அவரைப் பழக்கியிருக்கிறோம்.

ஓட்டோவில் வாசுகியின் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"வாங்கோ அக்கா. அந்தக் கதிரையில இருங்கோ."

நான் இருக்கவில்லை. "மன்னிப்புக் கேக்க வந்தனான் வாசுகி."

"பிள்ளையளுக்கு முன்னால ஏசினீங்கள். மன்னிப்பு மட்டும் கிணத்தடியிலயோ?" சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டாள். "அங்க வந்து கேளுங்கோ."

"கேக்கிறன்."

"கேளுங்கோ. ஆனால் நான் பொய் சொல்ல மாட்டன். போர்டில கீறிக் காட்டி எல்லாரையும் கொப்பி அடிக்க விட்டது நான்தான். பிழையெண்டு தெரிஞ்சுதான் செய்தனான். முதல் தரம் பிள்ளையள் என்னவெல்லாம் கீறினவை தெரியுமோ? ஒண்டு போன் சார்ஜரைத் தின்னுது. ஒண்டு யானைக்குப் போட்ட மின்வேலியைக் கடிச்சு மயிரெல்லாம் நட்டுக்கொண்டு நிக்குது. ஒண்டு கோயில் ஐயர்ட குடுமியைத் தின்னுது. சுபன் எண்டு ஒரு பெடியன், ஆட்டைக் கட்டிலுக்குக் கீழ படுக்க வைச்சுக் கீறியிருந்தான். ஏன்டா தின்னேல்லையெண்டு கேட்டன். எங்கட வீட்டில ஒண்டுமில்லை ரீச்சர், அதுதான் படுத்திட்டுதெண்டான். அண்டைக்கு முழுக்க வகுப்பு அதைப் பற்றித்தான் கதைச்சது. என்ன குடுத்து அதை எழுப்பலாமெண்டு சண்டை."

"எனக்கு ஏன் இதைச் சொல்லேல்ல?"

"காட்டினவைதானே, உங்கட கண்ணுக்கு முன்னால. சுபனும் வந்து காட்டினவன். நீங்கள் நல்லம், நல்லம், அடுத்த ஆள் எண்டீங்கள்." சவர்க்காரக் கையைச் சட்டையில் துடைத்தாள். "பிறகு சாரத்துக்குச் சிரிச்சீங்கள். போன் வைச்ச உடனே அதிபர் சொன்னவர், இனி அனுப்பிற படமெல்லாம் அப்பிடி இருக்கோணும், அவைக்கு அதுதான் பிடிச்சிருக்கெண்டு. நீங்கள் வாறீங்களெண்டு கேள்விப்பட்ட உடனே, பிள்ளையள் முழுசிக்கொண்டு நிக்கக் கூடாது, பாடமாக்க விடுங்கோ எண்டார். நான் என்ன செய்யிறது? அவர் கடிதம் தராட்டி எனக்கு நேர்முகம் இல்லை. நீங்கள் முகம் சுழிச்சால் காசு இல்லை. ஒருநாளாவது, பிள்ளையள் என்ன கதைச்சவை எண்டு கேட்டனீங்களோ? படம் அனுப்பும், படம் அனுப்பும். அதுதானே உங்கட பாட்டு."

அப்போதுதான் அவளுக்கு எமிலைப் பற்றிச் சொன்னேன். எழுத்தில்லாத புத்தகத்தை நான் ஏன் எடுத்தேன் என்று சொன்னேன். நான் அனுப்பிய குரல்பதிவுகளில் இருந்த முறையெல்லாம் என் மொழி தெரியாமையில் பிறந்தது என்று சொன்னேன். இதை அதுவரை யாருக்கும் சொன்னதில்லை, கட்டின மனிசனுக்குக்கூட.

வாசுகி வாளியை வைத்துவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "அப்ப அக்காவுக்கும் வாசிக்கத் தெரியாதோ?"

"தெரியாது."

"அதுக்கு அவை உங்களை மறிச்சவையோ?"

"இல்லை. பாராட்டினவை."

"பாத்தீங்களோ" என்றாள். வாளியைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போய்விட்டாள். எனக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். தான் வந்து இருக்கவில்லை.

7

மறுநாள் அதிபரிடம் போய், வாசுகியை வகுப்புக்கு விடுங்கள், அலுமாரியைத் திறந்து புத்தகங்களைக் கொடுங்கள், பிழை என்னுடையது என்றேன். சண்டை பிடிக்கத் தயாராகப் போயிருந்தேன். அதற்குத் தேவையே வரவில்லை.

"ஓம் மடம், நீங்கள் சொன்னால் சரி" என்றார். அவ்வளவுதான். சாவியை எடுத்தார்.

இரண்டாம் வகுப்பில், பிள்ளைகளுக்கும் அதிபருக்கும் முன்னால் நின்று, "அண்டைக்கு நான் உங்கட ரீச்சரை ஏசினது பிழை. சாரத்தைக் கீறச் சொன்னதும் நான்தான். ரீச்சரில பிழை இல்லை" என்றேன். பிள்ளைகள் ஒரே குரலில், "ஓம் அன்ரி" என்றார்கள். அதிபர் கைதட்டினார். அவரைப் பார்த்துப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். என் மன்னிப்பும் ஒரு விழாவாகிவிட்டது.

வாசுகி மட்டும் கைதட்டவில்லை. அதிபர் போன பிறகு, மெல்லிய குரலில், பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னாள்: "நீங்கள் ஒரு சொல்லுச் சொல்ல என்னை மறிச்சவை. இன்னொரு சொல்லுச் சொல்ல விடுகினம். நாளைக்கு உங்கட சங்கத்தில வேற ஒராள் வருவார். அவருக்கு என்ன பிடிக்குமோ ஆருக்குத் தெரியும்."

நோர்வேக்குத் திரும்பி வந்ததும் சங்கத்தில் கேட்டேன், படம் கேட்காமல் உதவித்தொகையை அனுப்பலாமா என்று. தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ளை, படம் இல்லாட்டி ஆர் காசு தருவினம்? நீரே தருவீரோ?" கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். இப்போது எழுத்திலும் கேட்கிறேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தியது. நான் ஊரில் நின்ற கடைசி நாள்.

"வகுப்பு எடுக்கப் போறன். வாறதெண்டால் வாங்கோ" என்று வாசுகி செய்தி போட்டிருந்தாள். ஓடினேன். ஒரு உண்மையான வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மேசைகளைச் சுவரோடு ஒதுக்கி, பாய் விரித்து, பிள்ளைகளை வட்டமாக இருத்தியிருந்தாள். நான் பின்னால் ஒரு சின்னக் கதிரையில் இருந்தேன். போனைப் பையிலிருந்து எடுக்கவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

வாசுகி புதிய புத்தகம் ஒன்றை உறையிலிருந்து எடுத்தாள். ஒரு மழைநாள், ஒரு பஸ், பஸ்ஸுக்குள் ஒரு முதலை. அதுவும் எழுத்தில்லாத புத்தகம். முதல் படத்தைத் தூக்கிப் பிடித்து, "என்ன தெரியுது?" என்றாள்.

பிள்ளைகள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள்.

"அங்க பாருங்கோ, ரீச்சரைப் பாருங்கோ" என்றேன். பார்த்தார்கள். வாசுகி, "தனுசியா, நீ சொல்லு. முதலை எங்க போகுது?" என்றாள். தனுசியா வாயைத் திறந்தாள். திறந்தபடியே திரும்பி என் முகத்தைத் தேடினாள். நான் சிரிப்பேனா, எதற்குச் சிரிப்பேன் என்று. நான் முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்திருந்தேன். அதைக் கோபம் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் வாயை மூடிவிட்டாள்.

வாசுகி என்னைப் பார்த்தாள். நான் எழும்பி வெளியே வந்தேன்.

விறாந்தையில், சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில் நின்றேன். உள்ளே கொஞ்ச நேரம் வாசுகியின் குரல் மட்டும் கேட்டது. பிறகு ஒரு பிள்ளை ஏதோ சொன்னது. இன்னொன்று இல்லையென்றது. "அது பரந்தனுக்குப் போகுது ரீச்சர்!" "ஏன்டா பரந்தனுக்கு?" "பல்லுப் பிடுங்க!" "முதலையிட்ட பஸ் காசு இருக்கோ?" "கொண்டக்டரைத் தின்னும்!" சத்தம் ஏறிக்கொண்டே போனது. யாரோ கீழே விழுந்து முதலை மாதிரி ஊர்ந்திருக்க வேண்டும். பாய் உரசும் சத்தம் கேட்டது. வாசுகியின் சிரிப்பும் கேட்டது. அவள் அப்படிச் சிரிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஒரு முறை, ஒரே ஒரு முறை. யன்னலடிக்குப் போய்த் தலையை நீட்டினேன்.

ஊர்ந்துகொண்டிருந்தவன் சுபன். அவன்தான் முதலில் என்னைக் கண்டான். ஊர்வதை நிறுத்திவிட்டு எழும்பி நின்று கைகட்டினான். ஒவ்வொருவராக மற்றவர்களும் திரும்பினார்கள், எழும்பினார்கள், கைகட்டினார்கள். அறை அடங்கியது. வாசுகி புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எப்போது போவேன் என்று காத்திருந்தாள்.

யன்னலை விட்டு விலகினேன். விறாந்தையிலும் நிற்கவில்லை. முற்றத்தைத் தாண்டி, படலையைத் தாண்டி, வீதிக்கு வந்தேன். ஓட்டோக்காரர் வேப்பமர நிழலில் இருந்து எழும்பினார்.

"என்னக்கா, அதுக்குள்ள முடிஞ்சுதோ? உள்ள ஒரே சத்தமாய்க் கிடந்துது."

"இனித்தான் தொடங்கும். வண்டியை எடுங்கோ தம்பி" என்றேன்.